இடம் மாறிய கடிதங்கள்

2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தம் மின்னஞ்சலை ஸோஹோவுக்கு மாற்றிக்கொண்டார். இனிமேல் இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று ஊரறிய ஓர் அறிவிப்பும் கொடுத்தார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் அஞ்சல்களும் அதே சென்னைக் கம்பெனியின் ஏற்பாட்டுக்குப் போய்விட்டன என்ற செய்தியும் அதை ஒட்டியே வந்தது. பத்திரிகைகள் சுதேசி என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் எழுதின. எனக்கென்னவோ வேறொரு விஷயம்தான் சுவாரசியமாகப் பட்டது. அமைச்சர் தம் புது முகவரியை நாட்டுக்குச் சொல்லவேண்டியிருந்தது. குமாஸ்தாக்கள் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர்கள் முகவரி அரசாங்கத்தின் பெயரில் இருந்தது. உள்ளே யார் கடிதத்தைத் தாங்கிக் கொடுத்தாலும் வாசற்பலகை அப்படியே இருந்தது.

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு நானும் அதே மாதிரி ஒரு மாற்றம் செய்தேன். அமைச்சர் வழியில்தான், அதாவது சிரமமான வழியில். இருபது வருஷத்துக்கு மேல் இருந்த இடத்தை விட்டேன். எந்த இடம் என்பது முக்கியமில்லை.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கையால் அறுத்து, ராவி, உள்ளே நெம்புகோல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திச் செய்கிற மாங்காய்ப் பூட்டைப் பார்த்தவர்களுக்கு, பூட்டு வேறு, கதவு வேறு, வீடு வேறு என்பது தெரியும். குடியிருப்பவன் எத்தனை உயர்ந்த பூட்டைப் போட்டாலும் வீட்டு எண் வீட்டுக்காரருடையது. மின்னஞ்சலில் நமக்குக் கொடுத்திருப்பது சாவி மட்டும்தான். நாம் அதைச் சொத்துப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் கைபேசிக்காரர்கள் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அஞ்சல் முகவரிக்கு அந்தச் சலுகை கிடையாது. சொந்தமாக ஒரு டொமைன் பெயரை வருஷச் சந்தா கட்டி வைத்துக்கொண்டவர்கள் மட்டும் குமாஸ்தாக்கள் மாதிரி நிம்மதியாக இடம் மாறலாம். நம் தகவலை இன்னோர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகும் உரிமை 2019ஆம் வருஷ மசோதாவில் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இதைப் பற்றி யாரும் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நான் வருத்தப்படுகிறேன். ஐரோப்பாவில் 2018 முதல் அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

போகட்டும். நான் சொல்ல வந்தது கடிதங்களைப் பற்றி.

இடம் மாற்றும் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஐமேப் என்ற முறையில் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல் எடுப்பதுதான். ஒரே கடிதத்துக்கு நான் இரண்டு அடையாளச் சீட்டு ஒட்டியிருந்தால் அது இரண்டு கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. அது ஒரு தொல்லை. ஆனால் நகல் ஓடிக்கொண்டிருந்த மூன்று இரவும் நான் சும்மா இருக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷக் கடிதங்களை ஒரே மூச்சில் படித்த பிறகு, மின்னஞ்சலை ஓர் எழுத்து வகையாக வைத்து அபிப்பிராயம் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் அபிப்பிராயம், பெரும்பாலானவை கடிதங்களே அல்ல. ரசீதுகள், அழைப்பிதழ்கள், 'கிடைத்தது, நன்றி'கள். கடிதம் என்று சொல்லத் தகுந்தவை நூற்றுக்கு நாலு தேறினால் அதிகம். காகித காலத்திலும் விகிதம் இதுதானோ என்னவோ. ரசீதுகளைக் குத்தூசியில் குத்திவைத்து மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பதில் எழுதுகிற முறை. முந்திய கடிதம் முழுவதும் பதிலின் அடியில் தொங்குகிறது. அதற்கு அடியில் அதற்கு முந்தியது. எதிராளி என்ன எழுதினார் என்பதை மனசில் வாங்கிக்கொண்டு, தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி எழுதும் பழக்கம் இதனால் போய்விட்டது. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கிறபோது, கமலா எழுதியது நம் கையில் இல்லாவிட்டாலும் அவர் இன்னது கேட்டிருப்பார், இதற்காகக் கோபித்திருப்பார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கத்துக் கடிதத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். என் பெட்டியில் இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறது. பல இடங்களில் ஒருவர்கூட இல்லை. என் கடிதங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

மூன்றாவது விஷயம்தான் என்னை உலுக்கிவிட்டது. 2005க்கு முன்னும் பின்னுமாக வந்த தமிழ்க் கடிதங்களில் பாதியைப் படிக்க முடியவில்லை. அப்போது யூனிக்கோடு பரவவில்லை. தமிழ்நாட்டு அரசாங்கமே 2010இல்தான் அதை ஏற்றுக்கொண்டது. ஆளுக்கு ஓர் எழுத்துரு. டிஸ்கி என்ற முறையில் எழுதினவர்களின் கடிதங்கள் சில வெறும் கேள்விக்குறிகளாக நிற்கின்றன, பக்கம் பக்கமாக. பாமினி எழுத்துருவில் வந்தவை இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறது. ஆனால் சோம்பேறித்தனமாகத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினவர்களின் கடிதங்கள் இன்றைக்கும் அச்சுக் குலையாமல் இருக்கின்றன. அவர்களை நான் கண்டித்து எழுதிய பதில்கள் டிஸ்கியில் இருந்தன, அவைதான் போய்விட்டன.

கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் புஸ்தகமாக வந்திருக்கின்றன என்றால், பெற்றுக்கொண்டவர் பத்திரப்படுத்தினார் என்பதுதான் காரணம். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், வத்தலக்குண்டுக்கு. ராஜம் அய்யர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா மூவருக்கும் ஊர். அந்த மாதிரி ஊர்களில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு கடிதமாவது கிடைக்காதா என்று இன்னமும் ஆசைப்பட இடமிருக்கிறது. இன்றைய எழுத்தாளனுடைய பெட்டியை யார் திறப்பது? இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கும் விதியை கூகிள் 2023 டிசம்பரிலிருந்து நடப்புக்குக் கொண்டுவந்தது. அவர்கள் முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள், வாஸ்தவம்தான். அந்த எச்சரிக்கையும் இறந்தவருடைய பெட்டிக்கும் அவர் சொல்லிவைத்திருந்த இன்னொரு முகவரிக்கும்தானே போகும்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் டொராண்டோவிலிருந்து எனக்கு ஒன்பது வருஷம் எழுதினார். கதைகளைப் பற்றி அவர் அளவுக்கு ஈவு இரக்கமில்லாமல் எழுதினவர்கள் எனக்குக் குறைவு. அவர் சொல்லி என் நாவலில் ஓர் அத்தியாயத்தையே எடுத்திருக்கிறேன். போன வருஷம் காலமானார். அவருடைய மகள், அப்பாவின் கணக்கைத் திறக்க முடியவில்லை, உங்களிடம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் அண்ணா என்று கேட்டாள். என்னிடம் எல்லாம் இருக்கிறது. எல்லாம் பாமினியில்.

எழுத்துரு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. அதில் போட்டேன். பெரும்பாலும் நன்றாகவே வந்தது. நடுவில் அவர் நிஜமாகவே இங்கிலீஷில் எழுதின புஸ்தகப் பெயர்களையும் அது விடாமல் தமிழாக்கி, எந்த மொழியிலும் இல்லாத சொற்களைப் பிரசவித்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது. தினம் இரண்டு கடிதம் வீதம் செய்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இதுவரை நாற்பது போயிருக்கின்றன.

நேற்றுத் திருத்தின கடிதத்தில் என் கதையொன்றை ஒன்றரைப் பக்கம் வெட்டி எறிந்துவிட்டு, கடைசி வரியில், சிறுமலை வாழைப்பழம் இன்னும் உங்கள் கடைத்தெருவுக்கு வருகிறதா என்று கேட்டிருந்தார். நான் என்ன பதில் எழுதினேன் என்று 'அனுப்பியவை'யில் தேடிப் பார்த்தேன். கதையைப் பற்றி மூன்று பக்கம் சண்டை போட்டிருக்கிறேன். பழத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.