இடித்துரைக்கும் வாயும் ஏற்கும் செவியும்: காவல்துறைத் தலைவர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

திருக்குறளையும் தலைமைத்துவத்தையும் இணைத்து எழுதப்பெறும் கட்டுரைகள் நம்மிடையே பெருகியுள்ளன. கருத்தரங்குகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் படிக்கப்பெறும் இவற்றுள் பெரும்பாலானவை ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. நிருவாகவியல் நூல் ஒன்றிலிருந்து தலைவனுக்குரிய பண்புகளின் பட்டியல் எடுக்கப்பெறும். ஒவ்வொரு பண்புக்கும் நேராக ஒரு குறள் நிறுத்தப்பெறும். இதனை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்ற பெருமிதத்துடன் கட்டுரை நிறைவுறும். காவல்துறை, படைத்துறை ஆகியவற்றின் தலைவர்களை நோக்கி எழுதப்பெறுவனவும் இதற்கு விலக்கல்ல. அவற்றில் தவறாது இடம்பெறுவது படைமாட்சி அதிகாரத்தின் இறுதிக் குறள். நிலைத்து நிற்கும் வீரர் பலர் இருப்பினும் தலைமை தாங்குவோர் இல்லாத படை படையாகாது என்பது அதன் கருத்து.

இம்முறை பொருட்பாலுக்கும் நீதி செய்யவில்லை, காவல்துறைப் பயிற்சிக்கும் பயன்படவில்லை என்பதே நமது கருத்து. பொருட்பால் தலைவனின் நற்பண்புகளோடு நின்றுவிடுவதில்லை. அவன் தவறும்போது அவனைத் தடுத்து நிறுத்துவோர் யார் என்பதையும் கேட்கிறது. காவல்துறைத் தலைவர்களுக்கான பயிற்சியில் பெரிதும் விடுபட்டுப் போவது இக்கேள்வியே. இதனை இலக்கியச் சான்றுகளோடும் அண்மைக்கால நிகழ்வு ஒன்றோடும் வைத்து ஈண்டு ஆராய்வோம்.

பொருட்பால் காட்டும் தலைமை

பரிமேலழகர் பகுப்பின்படி பொருட்பாலின் 70 அதிகாரங்களுள் அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 ஆகும். அரசனின் தன்மைகளைக் கூறும் பகுதியைக் காட்டிலும் அவனைச் சூழ்ந்துள்ள உறுப்புகளைக் கூறும் பகுதி பெரிது என்பது நோக்கத்தக்கது. அரசியலின் உள்ளேயே பெரியாரைத் துணைக்கோடல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் போன்ற அதிகாரங்கள் அரசன் பிறரோடு கொள்ளும் உறவைப் பற்றியனவாக உள்ளன.

இவற்றுள் நமது பொருளுக்கு மூன்று கருத்துகள் முதன்மையானவை. முதலாவது, ஒரு வினையை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவ்வினையை, அக்கருவியால், அவர் முடிப்பாரா என ஆராய வேண்டும் என்பது. பொதுவாக நல்லவர், பொதுவாக வல்லவர் என்பது போதாது. குறித்த வினைக்கு ஏற்றவரா என்பதே வினா. இரண்டாவது, இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசன் கெடுப்பார் எவரும் இல்லாமலேயே கெடுவான் என்பது. செவிக்குக் கசப்பான சொல்லைப் பொறுத்தல் இறைமாட்சியின் ஒரு கூறாகவே வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, அமைச்சு அதிகாரத்தில் வருவது. அரசன் தானும் அறியாதவனாய், அறிந்து கூறுவோரையும் புறக்கணிப்பவனாய் இருப்பினும், உறுதியானதை எடுத்துரைத்தல் அருகிருப்போனின் கடமை என்கிறது அது.

பின்னைய இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேட்கும் கடமை மேலவனுக்கும் சொல்லும் கடமை கீழவனுக்கும் ஒருசேர விதிக்கப்பட்டுள்ளன. ஒன்று தவறினாலும் மற்றொன்று விலகிவிடுவதில்லை. பண்புப் பட்டியல் தயாரிப்போர் இவ்விரண்டையும் பிரித்து, முன்னதைப் 'பொறுமை' என்றும் பின்னதைத் 'துணிவு' என்றும் தலைப்பிட்டு வைப்பதால், இவை சேர்ந்து ஓர் அமைப்பாக இயங்குவது மறைந்துபோகிறது.

கொலைக்களக் காதையில் ஒரு தயக்கம்

இவ்வமைப்பு இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொற்கொல்லன் கூறியதைக் கேட்ட பாண்டியன் ஊர்க்காப்பாளரை அழைத்து ஆணையிடுகிறான். தேவியின் சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்பது ஆணை. கையிலுள்ள சிலம்பு தேவியின் சிலம்புதானா என்று ஆராயும் பொறுப்பு எவருக்கும் அளிக்கப்படவில்லை. அவ்விடத்தில் அதற்கு விடை கூறக்கூடியவன் குற்றம் சாட்டும் பொற்கொல்லன் மட்டுமே.

காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே கூறுகின்றனர். அத்தயக்கம் அரண்மனைக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. பொற்கொல்லன் கள்வரின் திறங்களை அடுக்கி அதனை நகையாடுகிறான். இளைஞன் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வனைப் பற்றிக் கூறிவிட்டு, மன்னன் நம்மை வருத்துவானே, செய்யத்தக்கது யாது என வினவுகிறான். அந்த அச்சத்தின் நடுவே, கல்லாத களிமகன் ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிடுகிறது.

இக்காட்சியை ஊழ்வினை என்ற ஒரே கோணத்தில் கற்பித்து வந்துள்ளோம். காப்பியத்தின் நோக்கில் அது சரியே. எனினும் ஆணை இறங்கும் பாதையும் ஐயம் ஏறும் பாதையும் பற்றிய நுட்பமான பதிவாகவும் அதனைக் காணலாம். பாண்டியன் பண்பற்றவன் அல்லன். தவறு தெளிந்த நொடியில் உயிர்விட்ட அவனுக்கு எந்தப் பண்புப் பட்டியலும் முழு மதிப்பெண் அளிக்கும். ஆயினும் கோவலன் பிழைக்கவில்லை. தலைவனின் நேர்மை தவற்றுக்குப் பின்னர் வெளிப்பட்டது. தவற்றுக்கு முன்னர் வேண்டியிருந்தது தயங்கிய காவலனின் சொல் மேலே செல்லும் ஒரு வழி.

ஹில்ஸ்பரோ: ஓர் அண்மைக்காலச் சான்று

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் 1989 ஏப்ரல் 15 அன்று காற்பந்து அரையிறுதி ஆட்டத்தின்போது நேர்ந்த நெரிசலால் 97 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இறுதியானவர் 2021ஆம் ஆண்டு மறைந்தார். காவல்துறைத் தலைமையின் பிழைகள் பலமுறை விசாரிக்கப்பட்டு விரிவாகப் பதிவான நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாதலின் இதனை எடுத்துக்கொள்கிறோம். பிரிட்டனின் காவல்துறை உயர்கல்லூரி 1960 முதல் பிராம்ஷில்லில் இயங்கியது. காமன்வெல்த் நாடுகளின் அதிகாரிகளும் அங்குப் பயின்றனர். ஆகவே, அந்நாட்டுப் பயிற்சி மரபின் நிறைகுறைகள் நமக்கு அயலானவை அல்ல.

அன்று பொறுப்பிலிருந்த தலைமைக் கண்காணிப்பாளர் அப்பதவியை ஏற்று மூன்று வாரங்கள்கூட நிறைவுறவில்லை. அவருக்கு முன்னிருந்தவர் அவ்வரங்கை நன்கறிந்தவர். நுழைவாயிலில் நெரிசல் கூடியதால் வெளியிலிருந்த அதிகாரி கதவைத் திறக்குமாறு மீண்டும் மீண்டும் வேண்டினார். பிற்பகல் 2.52 மணிக்குக் கதவு திறக்கப்பட்டது. உள்ளே வந்தோர் நேரே சென்று சேரும் சுரங்கவழியை மூட எவரும் ஆணையிடவில்லை; அதன் மறுமுனையிலிருந்த நடுப்பகுதிகளோ முன்பே நிரம்பியிருந்தன. ஆட்டம் 3.06 மணிக்கு நிறுத்தப்பட்டது. கதவை ரசிகர்களே உடைத்துத் திறந்ததாகக் காற்பந்துச் சங்க அதிகாரியிடம் அத்தலைவர் கூறினார். அது பொய் என்பதையும், சுரங்கவழியை மூடாமையே இறப்புகளுக்கு நேரடிக் காரணம் என்பதையும் 2015ஆம் ஆண்டு மரண விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என 2016இல் நடுவர் குழு முடிவுசெய்தது. 2019இல் நடந்த குற்றவியல் வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் முறையாகும்.

இந்நிகழ்வில் பொருட்பாலின் மூன்று கருத்துகளும் எதிர்மறையாக மெய்ப்பிக்கப்படுகின்றன. குறித்த வினைக்கு ஏற்றவரா என ஆராயாமல் பதவியின் தகுதி கொண்டே வினை ஒப்படைக்கப்பட்டது. நெருக்கடி நொடியில், அடுத்து என்ன ஆகும் என்று இடைமறித்துக் கேட்கும் முறை கட்டுப்பாட்டறையில் இல்லை. மூன்றாவது மிகக் கொடியது. கீழ்நிலைக் காவலர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களுள் 164 பெருமளவு திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன என 2012இல் சுயேச்சை ஆய்வுக் குழு வெளிப்படுத்தியது. கொலைக்களத்தில் காவலரின் தயக்கம் நகையாடப்பட்டது. இங்கோ எழுத்தில் வந்த இடித்துரையே அழிக்கப்பட்டது.

பயிற்சி எதனைக் கற்பிக்க வேண்டும்?

இவ்வகையில் விமானத்துறை காவல்துறைக்கு முன்னோடியாக உள்ளது. 1977இல் தெனரீஃபில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். ஓடுபாதையில் மற்றொரு விமானம் இன்னும் இருக்கக்கூடும் என்று பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி தள்ளிவிட்டார். இதனையும் இதுபோன்ற விபத்துகளையும் ஆராய்ந்த விமானத்துறை, இளையோர் ஐயத்தை உரக்கக் கூறவும் மூத்தோர் அதனை ஏற்றுச் சரிபார்க்கவும் பயிற்றுவிக்கும் முறையை வகுத்தது. விமானியைப் பணிவுடையவராக்குவது அதன் நோக்கமன்று. அவர் பணிவற்றவராக இருக்கும் நாளிலும் விமானம் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

காவல்துறைத் தலைவர்களுக்கான பயிற்சியும் இத்திசையில் செல்ல வேண்டும். பாவனைப் பயிற்சிகளில் துணை அதிகாரி ஒருவர் தலைவரின் ஆணையை மறுத்துரைக்கும் கட்டம் திட்டமிட்டே வைக்கப்பட வேண்டும். மதிப்பெண், தலைவர் விரைந்து ஆணையிட்டாரா என்பதற்கு மட்டுமன்றி, மறுப்பை எவ்வாறு கையாண்டார் என்பதற்கும் வழங்கப்பட வேண்டும். பிரிட்டனில் இன்று கூட்டக் கட்டுப்பாட்டுக்குத் தலைமை ஏற்போருக்குத் தனிப்பயிற்சியும் தகுதியறிதலும் வேண்டப்படுகின்றன. தெரிந்து வினையாடல் காலந்தாழ்ந்து நடைமுறைக்கு வந்ததாக இதனைக் கொள்ளலாம்.

எனினும் பயிற்சியின் எல்லையையும் அறிதல் வேண்டும். இந்தியக் காவல் பணி அதிகாரிகளுக்கான தேசியக் கழகம் 1948இல் மவுண்ட் அபுவில் தொடங்கி 1975இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அங்குப் பயின்று மாவட்டப் பொறுப்பேற்கும் அதிகாரி, முறையற்ற ஆணையை மறுத்த மறுநாளே மாற்றலாகக்கூடும் எனில், அவர் கற்ற துணிவு எத்தனை நாள் நிற்கும்? இதனை உணர்ந்தே, பிரகாஷ் சிங் வழக்கில் 2006ஆம் ஆண்டு தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், மாவட்டக் கண்காணிப்பாளர் முதலிய களப்பொறுப்பாளருக்கு ஈராண்டுக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் எனப் பணித்தது. வகுப்பறையில் கற்பித்ததைப் பணியிடம் தண்டிக்குமாயின் அப்பயிற்சி வீணே.

பொருட்பாலின் எல்லை

இங்கு வள்ளுவத்தின் எல்லையையும் நாம் மறைத்தல் ஆகாது. பொருட்பாலில் இடித்துரைப்போர் அனைவரும் அரசனைச் சூழ்ந்தோரே. அரசனுக்கு வெளியிலிருந்து அவனைக் கேட்கும் அமைப்பு அங்கில்லை. அவனை எளிதில் காணலாம் என்ற நிலையே குடிமக்களுக்குரிய காப்பு. இன்றைய காவல்துறைத் தலைவர் அரசர் அல்லர். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பணியாளர். ஆதலின் உள்ளிருந்து இடித்துரைப்பதோடு வெளியிலிருந்து கேட்கும் அமைப்பும் வேண்டும். மலேசியாவில் 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2005இல் வழங்கிய 125 பரிந்துரைகளுள் சுதந்திரமான முறையீட்டு ஆணையம் ஒன்றும் இடம்பெற்றது. அதற்குப் பின் நெடுங்காலம் கழித்து, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குறைந்த அதிகாரங்களுடன் ஓர் ஆணையம் 2023 ஜூலை 1 முதல் செயற்படத் தொடங்கியது. காவலில் நிகழும் இறப்புகள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நம் சமூகம் கொள்ளும் கலக்கத்தை அறிந்தோர், இது வெறும் நிருவாகச் செய்தியன்று என்பதை உணர்வர்.

முடிவுரை

திருக்குறளைத் தலைமைத்துவப் பயிற்சிக்குக் கொண்டுசெல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை; முழுமையாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறோம். தலைவர்களை மகிழ்விக்கும் படைமாட்சிக் குறளோடு அவர்களுக்குக் கசக்கும் குறள்களும் செல்ல வேண்டும். அழைக்கப்பெறும் தமிழறிஞர் அவற்றைக் கூறத் தயங்குவாராயின், அவரும் சொல்லும் கடமையில் தவறியவரே ஆவார்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. நம் வகுப்பறைகளிலிருந்து நாளை காவல்துறைக்குச் செல்வோர் சிலர் இருப்பர். கொலைக்களக் காதையைக் கற்பிக்கும்போது, தயங்கிய அக்காவலர் வேறென்ன செய்திருக்கலாம், அவர்கள் சொல் அரசனை அடைய என்ன வேண்டியிருந்தது என்ற வினாக்களையும் மாணவர்முன் வைப்போமாக. தேர்வுத்தாளில் அவை இடம்பெறாவிடினும், சீருடை அணிந்து ஆணையின் முன் நிற்கும் ஒரு நாளில் அவர்களுக்கு அவை தேவைப்படலாம்.