சுருங்கச் சொல்லலும் குன்றக்கூறலும்: வீட்டிற் பதிவாகும் நத்தார்ப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

மேனாடுகளிலே ஆண்டுதோறும் நவம்பர் மாதம் பிறந்ததும் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு முயற்சி தொடங்கிவிடுகின்றது. கிற்றார் ஒன்று, ஒலிவாங்கி ஒன்று, கணினி ஒன்று என்னும் இம்மூன்றையும் துணைக்கொண்டு, படுக்கையறையைப் பதிவுக்கூடமாக்கி, தம் பாட்டனார் காலந்தொட்டு வழங்கும் நத்தார்ப் பாடல்களைத் தாமே பாடிப் பதிவு செய்து சுற்றத்தார்க்கும் உலகத்தார்க்கும் அனுப்புவோர் தொகை பெரிது. பிறரொருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை மற்றொருவர் மீளப் பாடிப் பதிவு செய்வதை ஆங்கில இசையுலகினர் ‘கவர்’ என்பர். மின்விசையாற் பெருக்காது மரப்பெட்டியின் இயல்பொலியையே நம்பி வாசிப்பதை ‘அக்கூஸ்டிக்’ என்பர். பல்லியமும் பாடகர் குழுவும் நிறைந்த பழைய பதிவுகளை விட்டு, ஒரு குரலும் ஆறு தந்தியுமாகச் சுருக்கிப் பாடுதலே இவர்தம் நெறி. ஆரவாரத்தை அகற்றினாற் பாட்டின் உண்மை தானே வெளிப்படும் என்பது இந்நெறியினர் கூறும் நியாயம். அக்கூற்று எவ்வளவிற்கு ஏற்கத்தக்கது என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அளவுகோல் நம்மிடமே உண்டு. நூலை முதல், வழி, சார்பு என வகுத்த நம் இலக்கண ஆசிரியர் வழிநூல் செய்வோனுக்கு இரு கடமை விதித்தனர். முன்னோன் கண்ட முடிபினின்றும் அவன் வழுவுதல் ஆகாது. தனக்குரிய வேறுபாடு யாதுமின்றி வாளா எடுத்துரைத்தலும் ஆகாது. வழிநூலின் வகைகளுள் முதற்கண் தொல்காப்பியர் எண்ணியது தொகுத்தல். பலர் கூடி இசைத்ததை ஒருவர் இசைக்குமாறு சுருக்கும் இம்முயற்சியும் தொகுத்தலின்பாற்படுதலின், இதனை வழிப்பாட்டு என்றே இக்கட்டுரையில் வழங்குவாம். சுருக்குதலிலும் இரு நிலை உள. நூலின் அழகு பத்தினுள் முதலில் வைக்கப்பட்டது சுருங்கச் சொல்லல். குற்றம் பத்தினுள் முதலில் வைக்கப்பட்டது குன்றக்கூறல். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சொல் குறைந்திருத்தல் இரண்டிற்கும் பொது. பொருளும் உடன் குறைந்ததா என்பதிலேயே அழகும் குற்றமும் பிரிகின்றன. மாணவர் எழுதும் சுருக்கங்களை ஆண்டுதோறும் திருத்துவோர் இப்பிரிவின் நுண்மையை நன்கறிவர்.

முதற்கண் ‘சைலன்ற் நைற்’ என்னும் பாட்டினை நோக்குவாம். யோசேப் மோர் என்னும் இளங்குருவானவர் 1816 ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் இயற்றிய செய்யுள் இது. 1818 டிசெம்பர் 24 ஆம் நாள் பிரான்ஸ் சேவர் குரூபர் என்னும் பள்ளியாசிரியர் இதற்கு இசை வகுத்தார். அன்றிரவே ஒஸ்திரிய நாட்டின் சல்ஸ்பேர்க் நகரை அடுத்த ஓபர்ண்டோர்வ் என்னும் ஊர்த் தேவாலயத்தில் இருவரும் அதனைப் பாடினர். மோர் கிற்றார் மீட்டினார். தேவாலயத்து ஓகன் பழுதுற்றமையாலேயே கிற்றார் கைக்கொள்ளப்பட்டது என ஒரு கதை வழங்கி வருகின்றது. அவ்வோகனின் துருத்தியை எலி கடித்தது என்று அதற்கொரு கிளைக்கதையும் உண்டு. ஆயின், குரூபர் 1854 இல் தம் கைப்பட எழுதிய வரலாற்றுக் குறிப்பில் இச்செய்தி யாண்டும் இல்லை. இரு குரலுக்கும் கிற்றாருக்கும் பொருந்த இசை வகுக்குமாறு மோர் தம்மைக் கேட்டார் என்பதே அதிற் காணப்படுவது. மோரின் கையெழுத்துப் படியொன்று 1995 இல் வெளிப்பட்டது. அதிலும் கிற்றாருக்குரிய பகுதி எழுதப்பட்டுள்ளது. ஆகவே, கிற்றார் இங்கே குறைநிரப்ப வந்த கருவியன்று. மூலத்திலேயே கருதப்பட்ட கருவி. பல்லியம் சேர்த்துப் பாடினோரே இப்பாட்டை விரித்தோர். வீட்டிலிருந்து கிற்றாருடன் பாடுவோர் முதனூலை நோக்கி மீள்வோராவர்.

எனினும் அவர் முழுதும் மீள்கின்றாரா என்பது வேறு வினா. எட்டிலாறு என மேனாட்டார் குறிக்கும் தாளத்தில் அமைந்தது இப்பாட்டு. ஆறு சிற்றெண்ணிக்கைகள் மும்மூன்றாய்ச் சேர்ந்து இருமுறை அசையும்போது அதில் ஊசலின் அசைவு பிறக்கும். இக்கால வழிப்பாட்டுக்காரர் பலர் அமைதி என்பதைத் தாமதம் என்று பொருள் கொண்டு, ஒவ்வோர் எண்ணிக்கையையும் தனித்தனியே நிறுத்திப் பாடுகின்றனர். தொட்டில் அசைவு நின்றுவிடுகின்றது. குழந்தை உறங்கும் பாட்டு, உறங்கிய பின்னரும் விடாது நீளும் பாட்டாக மாறுகின்றது. கருவியை மீட்டெடுத்தார், நடையை மீட்டெடுத்திலர் என்றே கூறல் வேண்டும்.

அடுத்து, இர்விங் பேர்லின் இயற்றிய ‘வைற் கிறிஸ்மஸ்’ என்னும் பாட்டு. பிங் குறொஸ்பி இதனை 1942 மே மாதம் 29 ஆம் நாள், கோடை தொடங்கும் வேளையில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பதிவு செய்தார். தட்டுக்கள் மிகப்பல அச்சிடப்பட்டமையால் மூலப்பதிவு தேய, 1947 மார்ச்சில் மீண்டும் பாடினார். இன்று வானொலிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் இப்பிந்திய பதிவே. இதன் பல்லியத்தையும் குழுக்குரலையும் வெறுத்தே வீட்டுப் பாடகர் தனிக்குரலை நாடுகின்றனர். ஆனால் குறொஸ்பியின் குரலைக் கூர்ந்து கேட்பார்க்கு ஓருண்மை புலப்படும். ஒலிவாங்கி வருமுன்னர் மண்டபத்தின் கடைசி இருக்கைவரை எட்டுமாறு பாடவேண்டியிருந்தது. ஒலிவாங்கியை அணுகி ஒருவர் காதில் ஓதுவதுபோலப் பாடலாம் என்பதை உலகிற்கு உணர்த்தியோருள் தலையாயவர் குறொஸ்பி. எனவே, படுக்கையறையிலிருந்து மெல்லப் பாடுவோர் அவருக்கு மாறானவர் அல்லர். தாம் அறியாமலே அவருக்கு மாணாக்கர்.

இப்பாட்டில் அவர் ஆசிரியனை விஞ்சுதற்கு ஓரிடம் உண்டு. பேர்லின் எழுதிய வடிவில் முகப்புப் பகுதியொன்று இருந்தது. பாடுவோன் நிற்பது பனிநிலத்தில் அன்று. வெயிலும் பசும்புல்லும் உயர்ந்த பனைவகை மரங்களும் நிறைந்த கலிபோர்னியாவில், பெவர்லி ஹில்ஸ் பகுதியில். அங்கு நின்றே வடதிசைப் பனியை அவன் நினைந்து ஏங்குகின்றான். குறொஸ்பியின் தட்டில் இம்முகப்பு இல்லை. அதனால் பின்வந்தோர் பலர் பாட்டிலும் இல்லை. முகப்பு நீங்கவே பாட்டு ஒரு பனிக்கால வாழ்த்துப்போல் ஆயிற்று. முகப்பைச் சேர்த்துப் பாடினால் அது பிரிந்துறைவான் ஏக்கமாகும். பல்லியத்தைக் குறைத்து அம்முகப்பைக் கூட்டிப் பாடுவோர் சிலருளர். அவர் செயலையே யான் உயர்ந்த வழிப்பாட்டு என்பேன். ஏனெனில் அங்கே ஒலி குறைந்து பொருள் மிகுகின்றது.

இது பாடவேறுபாடு பற்றிய செய்தி. பாடவேறுபாட்டின் அருமையை நாவலரும் தாமோதரம்பிள்ளையும் ஏடு பார்த்துப் பதிப்பித்த மண்ணிற் பிறந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஹவ் யுவர்செல்வ் எ மெறி லிற்றில் கிறிஸ்மஸ்’ என்னும் பாட்டும் இத்தகைய வேறுபாடு உடையது. 1944 இல் வெளிவந்த ‘மீற் மீ இன் சென் லூயிஸ்’ என்னும் திரைப்படத்தில், பிறந்த ஊரைவிட்டு நீங்க இருக்கும் குடும்பத்தின் இரண்டாம் பெண், அழும் தங்கையைத் தேற்றுதற்கு இதனைப் பாடுகின்றாள். பாடியவர் யூடி கார்லண்ட். இயற்றிய ஹியூ மார்ட்டின் முதலில் எழுதிய சொற்கள் தேற்றுவதற்கு மாறாக அழுகையைப் பெருக்குவன என்று கருதப்பட்டமையால் அப்பொழுதே திருத்தப்பட்டன. பின்னர் 1957 இல் பிராங் சினாத்திரா தம் நத்தார்த் தட்டுக்காக வேண்டிக்கொள்ள, இறுதிப் பகுதியில் துயரம் தோன்றும் அடியொன்றும் மகிழ்ச்சிக்குரியதாக மாற்றப்பட்டது. வீட்டுப் பாடகர் பெரும்பாலார் பிந்திய பாடத்தின் சொற்களைக் கொண்டு முந்திய பாடத்தின் துயரக் குரலிற் பாடுகின்றனர். மகிழ்ச்சிச் சொல்லும் அழுகைக் குரலும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. இருபாடம் உண்டென்பதை அறிந்து ஒன்றைத் தேர்ந்திருப்பின் இம்முரண் எழாது. கிற்றார் பயிலும் அளவிற்கு இவர்கள் பாட்டின் வரலாற்றையும் பயின்றிருக்கலாம்.

இதுவரை கூறியவற்றால் எளிமையே எப்பொழுதும் மூலம் என்றும், விரிவெல்லாம் பின்வந்த அழுக்கு என்றும் யாரேனும் கருதுவாராயின், நற் கிங் கோல் அவர்களின் ‘கிறிஸ்மஸ் சோங்’ அதனை மறுக்கும். மெல் ரோர்மே, றொபேட் வெல்ஸ் என்னும் இருவரும் 1945 இன் கோடை வெப்பத்தில் இயற்றிய பாட்டு இது. கோல் 1946 ஜூன் மாதத்திற் பியானோ, கிற்றார், பெருந்தந்திக் கருவி ஆகிய மூன்றே கொண்டு தம் மூவர் குழுவுடன் இதனைப் பதிவு செய்தார். நிறைவு ஏற்படவில்லை. பதிவு நிறுவனத்தார் விரும்பாதபோதும் வற்புறுத்தி, ஓகஸ்ற் மாதத்தில் வில்லிசைக் கருவிகள் சிலவற்றைச் சேர்த்து மறுபடியும் பாடினார். புகழ்பெற்றது அதுவே. 1953 இலும் 1961 இலும் இன்னும் விரிவாகப் பாடினார். எளிமை கையில் இருந்தும் அது போதாதென்று தள்ளிய கலைஞர் அவர். காரணம் பாட்டிலேயே உள்ளது. இதன் மெட்டு தாவிச் செல்வது. அதன் கீழ் அடுக்கப்படும் ஒத்திசைச் சுரக்கூட்டங்கள் அடிக்கொருமுறை நிறம் மாறுவன. கிற்றாரில் மூன்று நான்கு கைப்பிடிகளை மட்டும் அறிந்தவர் இதனைப் பாடும்போது, அந்நிறமாற்றங்களைத் தட்டி நிரவிவிடுகின்றார். கேட்பவர்க்கு மெட்டு மாத்திரம் எஞ்சுகின்றது. குன்றக்கூறலுக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. கைத்தேர்ச்சியுடைய ஒருவர் அக்கூட்டங்களை ஆறு தந்தியிலேயே முழுதும் காட்டவுங் கூடும். அப்பொழுது மாத்திரம் அது சுருங்கச் சொல்லல்.

‘லாஸ்ற் கிறிஸ்மஸ்’ இதற்கு எதிரான இயல்பினது. 1984 இல் ஜோர்ஜ் மைக்கல் மின்னிசைக் கருவிகளைத் தாமே இயக்கிச் செய்தது. நான்கு சுரக்கூட்டங்களே பாட்டு முழுவதும் சுழல்வதால் கிற்றாருக்கு எளிது. ஆனால் மூலத்தில், காதலிழந்தவன் கூற்றின் கீழே ஆடுதற்குரிய தாளம் ஓடிக்கொண்டிருந்தது. துயரத்தை மறைத்து விழாக்கூட்டத்தில் நிற்பவன் நிலை அது. தாளத்தை நீக்கிப் பெருமூச்சோடு பாடுவோர், மறைத்ததைத் திறந்து காட்டிவிட்டு ஆழங்கண்டோம் என்று மகிழ்கின்றனர்.

இனி, கருவிகளைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். 1979 இல் ரஸ்காம் நிறுவனத்தார் நான்கு தடங்களைச் சாதாரண ஒலிநாடாப் பேழையிற் பதியும் பொறியொன்றை வெளியிட்டனர். அதனை வாடகை வீடொன்றில் வைத்துப் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1982 ஜனவரியிற் பதிந்த பாடல்களே ‘நெபிறாஸ்கா’ என்னும் தட்டாயின. அன்று முதல் வீட்டொலி என்பது ஒரு சுவையாகவே மதிக்கப்படலாயிற்று. இன்று கணினியில் நூறு தடமும் பதியலாம். ஒலிவாங்கியைக் கிற்றாரின் துளைக்கு நேரே வையாது, பன்னிரண்டாம் கட்டை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் அடியொலி முழக்கம் தணியும்; சுவரோரம் மெத்தையும் போர்வையுந் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி அடங்கும். இவையெல்லாம் நல்ல தொழில்முறைகளே. ஆனால் அறையொலியை இங்ஙனம் அடக்கிய பின்னர், கணினி கொண்டு பெருந்தேவாலயத்தின் எதிரொலியைப் பூசுகின்றார்களே, அதனை என்னென்பது! மூச்சொலியையும் தந்தியில் விரலுரசும் ஒலியையும் வேண்டுமென்றே மிகைப்படுத்துவோரும் உளர். இவர் செய்வது எளிமையன்று. எளிமை என்னும் ஒப்பனை. பல்லியம் தன்னை ஒப்பனை என்று ஒளியாது காட்டியது. இவ்வொப்பனை தன்னை மெய்யென்று சொல்லுகின்றது. கடைகளிலும் உணவகங்களிலும் பின்னணியாக ஒலித்தற்கு இவை மிகப் பொருந்துவனவாதலின் விலையும் போகின்றன.

ஒப்பனையின்றிச் சுருக்கியோர் இலர் என்பது கருத்தன்று. ஜோன் பேகி என்னும் அமெரிக்கர் 1968 இல் உருக்குத் தந்திக் கிற்றார் ஒன்றினாலேயே நத்தார்ப் பாடல்களை வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். குரலும் இல்லை, சொல்லும் இல்லை. கேட்போர் நெஞ்சிற் சொற்கள் முன்னரே உள்ளன என்பதை நம்பி, அவர் அவற்றை விட்டார். விட்டதனாற் பொருள் குறையவில்லை.

வீட்டுப்பதிவு என்னும் பெயருக்கு முழுதும் உரியவராகச் சுஃப்யான் ஸ்ரீவன்ஸ் என்பாரைக் குறிப்பிடலாம். 2001 தொடங்கி, இடையில் ஓராண்டு நீங்கலாக, ஆண்டுக்கொரு சிறுதொகுதியாக நத்தார்ப் பாடல்களைப் பதிவு செய்து, நண்பர்க்கும் குடும்பத்தார்க்கும் பரிசாக அனுப்பி வந்தார். 2006 இல் ஐந்து தொகுதிகளும் நாற்பத்திரண்டு பாடல்களுடன் ஒரு பேழையாக வெளிவந்தன. அவர் எளிமையை நோன்பாகக் கொண்டவரல்லர். பான்ஜோவும் குழலும் மணியும் பல குரலும் வேண்டுமிடத்துச் சேர்ப்பவர். சில பாடல்கள் அளவிறந்து நீள்கின்றன. சில விளையாட்டாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் இன்னாருக்கு அனுப்புகின்றோம் என்று அறிந்து பாடியவரின் குரலை அத்தொகுதிகளிற் கேட்கலாம். உலகத்தாரை நோக்கி மெல்லப் பேசுவது நடிப்பாகலாம். உடன்பிறந்தாரை நோக்கி மெல்லப் பேசுவதில் நடிக்க வேண்டிய தேவை இல்லை. முதலாந் தொகுதியின் தொடக்கத்தில் அவர் வைத்திருப்பது ‘சைலன்ற் நைற்’. முழுப்பாட்டன்று, ஒரு நிமிடமும் நிறையுமுன் முடிந்துவிடுகின்றது. குன்றக்கூறல் என்று அதனைத் தள்ள யான் பன்முறை முயன்றதுண்டு. விடுபட்ட பகுதியை என் செவி தானே பாடி முடிப்பதால் அது இயலவில்லை.