விலைக்கு வந்த பெயர்

வாய் பேச இயலாதிருந்த செக்கரியா எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கித் தம் மகனின் பெயரை அதில் எழுதிய நிகழ்ச்சியை லூக்கா நமக்கு விவரிக்கிறார். உறவினர் விரும்பிய பெயர் வேறு. எழுதப்பட்ட பெயர் வேறு. அந்த வாக்குவாதத்தில் குழந்தைக்கு எவ்விதப் பங்கும் இல்லை. பெயர் என்பது பிறர் நமக்குத் தருவது, பிறர் நம்மை அழைப்பது. நமக்கே உரியதாயினும் நம்மைவிடப் பிறரே அதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர்.

இணைய உலகில் இந்தப் பெயர் இன்று ஏலப்பொருளாகிவிட்டது. பிளாக்செயின் என்பது, ஒரே கணக்கேட்டின் படிகளைப் பல்லாயிரம் கணினிகள் தம்மிடம் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்த்துவரும் முறை. அவ்வகை ஏடுகளுள் ஒன்றான எத்தீரியத்தில் ஒருவரின் கணக்கு முகவரி 42 எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட கோவை. அதை யாரால் நினைவில் வைக்க முடியும்? எனவே 2017 மே மாதத்தில் எத்தீரியம் பெயர்ச் சேவை தொடங்கப்பட்டது. முகவரிக்குப் பதிலாக எளிய பெயரொன்றைப் பதிந்துகொள்ளலாம். ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் உள்ள பெயருக்கு ஆண்டுக்கு 5 டாலர், நான்கெழுத்துக்கு 160, மூன்றெழுத்துக்கு 640 எனக் கட்டணம் வகுத்தனர். இரகசியத் திறவுச்சொல் யாரிடமோ அவரே பெயருக்கு உடைமையாளர். அதை அவர் விற்கலாம். 2021 அக்டோபரில் 'பாரடைம்' என்னும் பெயர் 420 ஈத்தருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15 இலட்சம் டாலருக்கு, கைமாறியது. 2022 இறுதியில் டெலிகிராம் நிறுவனமும் தன் பயனர் பெயர்களை இவ்வாறே டோன் என்னும் பிளாக்செயினில் ஏலத்திற்கு விட்டது. 'நியூஸ்' என்ற ஒரு சொல் 9,94,000 டோன் நாணயங்களுக்குப் போயிற்று.

இதை முற்றிலும் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. 2023 ஜூலையில் ட்விட்டர் நிறுவனம் 'எக்ஸ்' எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டபோது, அந்த ஒற்றை எழுத்தை 2007 முதல் தம் பயனர் பெயராக வைத்திருந்த ஒருவரிடமிருந்து அதனைப் பணம் ஏதும் தராமல் எடுத்துக்கொண்டது. பதினாறு ஆண்டுப் பழக்கம் ஒரு நாளில் முடிந்தது. பெருநிறுவனம் நினைத்தால் பறித்துக்கொள்ளும் பெயர் நம் பெயரா என்று பிளாக்செயின் ஆதரவாளர் கேட்பது நியாயமான கேள்வியே. (டெலிகிராம் பெயருக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அந்நிறுவனம் கதவை அடைத்தால், ஏட்டில் எழுதிய உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?)

ஆனால் பறிக்க முடியாததாக்க அவர்கள் கண்ட வழி, பெயரை விற்கக்கூடியதாக்கியது. அங்கேதான் நான் அவர்களிடமிருந்து பிரிகிறேன். 'செய்தி', 'வங்கி' போன்ற சொற்கள் கடைப் பலகைகள். அவற்றை வணிகர் வாங்கி விற்பதில் எனக்கு வருத்தமில்லை. மனிதர் தம்மைக் குறிக்க வைத்துக்கொண்ட பெயரையும் இம்முறை அதே தட்டில் வைத்து நிறுக்கிறது. ஆண்டுக்கட்டணம் செலுத்த மறந்தவருக்கு 90 நாள் தவணை உண்டு. அதன்பின் 10 கோடி டாலரில் தொடங்கும் கூடுதல் விலை நாள்தோறும் பாதியாகக் குறைந்து, 21 நாளில் மறைந்துபோகும். பிறகு வழக்கமான கட்டணத்திற்கே யாரும் அப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். தம் முகவரியை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். பழைய நண்பர் ஒருவர் அந்தப் பெயரை நம்பிப் பணம் அனுப்பினால் அது அந்நியர் கைக்குப் போய்ச்சேரும். திரும்பப் பெற வழியில்லை. கைமாறிய செய்தி ஏட்டில் வெளிப்படையாகவே இருக்கிறது என்பார்கள். அன்பரின் பெயரைக் கண்டவுடன் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பெயரை விற்பவர் எழுத்துகளை மட்டும் விற்பதில்லை. அந்தப் பெயரின்மேல் பிறர் வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறார். அந்த நம்பிக்கை அவருடைய உடைமையன்று.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் வெளியிட்ட 'நூறாவது ஆண்டு' என்னும் சுற்றுமடலில், சந்தையின் பயனை ஒப்புக்கொண்டே, தம் இயல்பால் விற்கவோ வாங்கவோ கூடாத நன்மைகளும் உள்ளன என்று வரம்பு கட்டினார். பெயர்ச் சந்தையை அவர் அன்று எண்ணியிருக்க மாட்டார். எனினும் மனிதரின் பெயரை அந்த வரம்புக்குள் வைப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

திருமணத்திற்கு ஓலை எழுதும் நாளில் பங்குத்தந்தை பழைய திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்கு எதிரே பெற்றோர், ஞானப்பெற்றோர். பின்னர் உறுதிபூசுதல், திருமணம் அல்லது குருத்துவம் என ஒவ்வொன்றாக அங்கே குறிக்கப்படுகின்றன. வேறு பங்கில் திருமணம் நடந்தாலும் செய்தி இந்த ஏட்டுக்கு வந்து சேர வேண்டும். பிளாக்செயின் ஏட்டிலும் பெயருக்கு வரலாறு உண்டு: எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த நாளில், என்ன விலைக்கு.