எழுவாய் இல்லாத ஓர் உரை

மேடையுரைகளை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. பிரிட்டனின் சுகாதார அமைச்சராயிருந்த எனோக் பவல் 1961 மார்ச் 9ஆம் நாள் தேசிய மனநலச் சங்க மாநாட்டில் ஆற்றிய உரை அவ்வாறு ஆராயத்தக்கது. பவல் இளமையில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராய் விளங்கியவர், சொல்வளத்துக்குக் குறைவில்லை. ஊருக்கு வெளியே, நெடிய நீர்த்தொட்டிக் கோபுரத்தோடு தனித்து நிற்கும் பழைய மனநோய் மருத்துவமனைகளை நம் கண்முன் நிறுத்துகிறார். (1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் எழுந்த மருத்துவமனையை அறிந்தோர்க்கு அக்காட்சி எளிதில் விளங்கும்.) பதினைந்தாண்டுகளில் படுக்கைகள் பாதியாகும், 75,000 குறையும் என்கிறார். நோக்கம் உயர்ந்ததே. மனிதரை அடைத்து வைப்பதை யார் போற்றுவர்?

உரையின் சாரத்தைத் தமிழில், 'நோயாளர் சமூகத்தில் பராமரிக்கப்படுவர்' எனலாம். இச்செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றிப் பாருங்கள். பராமரிப்பவர் யார்? 'வந்தேன்' என்றால், தோன்றா எழுவாய் 'நான்' என்பதை விகுதியே காட்டிவிடும். இங்கோ அதற்கும் வழியில்லை. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பைப் பவல் சொல்லாமலில்லை. ஆனால் பொறுப்புடன் கூடச் செல்லவேண்டிய பணம் உரையில் தனக்குரிய இடத்தைப் பெறவில்லை.

மருத்துவமனைச் செலவு நடுவண் அரசின் கருவூலத்தைச் சார்ந்தது. வெளியேறியவர்க்கு வேண்டிய விடுதியும் சமூகப் பணியாளரும் உள்ளூர் வரியையும், இன்னதற்கென்று ஒதுக்கப்படாத பொது மானியத்தையும் நம்பியிருந்தன. மிச்சம் ஒரு பையில். செலவு மற்றொரு பையில். அம்மிச்சமும் உடனே கிட்டுவதன்று. நோயாளரில் பாதிப்பேர் போய்விட்டாலும் கொதிகலனும் சலவைக்கூடமும் கூரையும் பாதியாகிவிடுமா? பழைய மனை மூடப்படும்வரை பழையதற்கும் புதியதற்கும் சேர்த்தே செலவிடவேண்டும்.

அதே மாநாட்டில் பேராசிரியர் ரிச்சர்ட் டிட்மஸ் இதனைச் சுட்டினார். சமூகப் பராமரிப்பு என்னும் இனிய சொல்லே மக்களை மயக்குகிறது என்றார். அதற்கெனத் தனி மானியம் கேட்டார். மனநோயாளர்க்கான சமூகப் பணிகளுக்கு நாடு செலவிடுவது, கோழிக் கொள்ளைநோய்க்கு ஈடாகச் செலவிடுவதினும் குறைவென்று எடுத்துக்காட்டினார். அலங்காரமற்ற அவ்வொப்பீடு, என் கருத்தில், பவலின் கோபுர வருணனையினும் வலிமையுடையது.

பணம் வராத இடத்தில் எழுவாயாகி நிற்பவள் பெரும்பாலும் தாய். மகனைக் காக்க வீட்டிலிருக்கும் அவளது நாட்கூலி எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. ஆகவே பராமரிப்பு மலிவானதாகத் தோன்றுகிறது. பெரட்டுக்கு வராத நாளுக்குக் கூலியில்லை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நாம் அறிவோம்.

பின்னாளில் லண்டனின் பிரையர்ன், கிளேபரி மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியோரை ஆய்வாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முதலில் வெளியேறியோர்க்குச் செலவு குறைவு. உதவி மிகுதியாக வேண்டியோர் இறுதியில் வந்தபோது செலவு ஏறிற்று. மொத்தத்தில் சமூகப் பராமரிப்பு மருத்துவமனையைவிடச் செலவு மிக்கதாயில்லை, வாழ்வும் மேம்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் சென்றது தாயிடமன்று, ஊதியம் பெறும் பணியாளர் அமர்த்தப்பட்ட இல்லங்களுக்கு.