நிகண்டைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் கையில் இப்போது ஆங்கிலச் சொல் பட்டியல் இல்லாமல் இருப்பதில்லை. போட்டித் தேர்வுக்கு ஒன்று, ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு ஒன்று, வெளிநாடு போக நினைக்கும் நர்சுகள் எழுதும் ஓஇடிக்கு ஒன்று. இடப்பக்கம் கடினமான சொல், வலப்பக்கம் அதற்கு ஈடாக மூன்று நான்கு சொற்கள். இப்படிப் படித்து என்ன பயன் என்று கேட்டால், ‘நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டை நெட்டுருப் போட்டுத்தானே புலவர்கள் ஆனார்கள்?’ என்று பதில் வருகிறது. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கிறது. அந்தப் பதில் தவறு.

பட்டியலால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எஸ்எஸ்சி தேர்வில் ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே மதிப்பெண் தரும். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்குச் சில ரூபாய் ஜெராக்ஸ்தான் கைக்கு எட்டுகிறது. 1949-இல் வந்த நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ போல வேர்ச்சொல்லிலிருந்து தொடங்கும் நூல்கள் இன்னும் மேல்.

ஆனால் ஒருபொருட்சொற்களைச் செய்யுளில் தொகுத்துத் தரும் நிகண்டு வேறு. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை ஒப்பித்த பிள்ளை, தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டை போட்டு வளர்ந்தவன். மொழி அவனிடம் முன்பே இருந்தது. செய்யுளைப் படிக்கவும், எதுகை மோனைக்கு இசைய மாற்றுச்சொல் தேடவும் நிகண்டு உதவியது. அந்தாதியும் சதகமும் கூடவே பாடம் கேட்டான். மனப்பாடம் செய்த சொல் ஏதோ ஒரு பாட்டில் எதிரே வந்து நின்றது. எந்தச் சொல் எதோடு சேரும், எங்கே பொருந்தாது என்பதைப் பாட்டும் வாத்தியாரும் காட்டினார்கள். இன்றைய பயிற்சி மையம் நெட்டுருவை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டையும் வாத்தியாரையும் வெளியே தள்ளிவிட்டது.

இதன் விளைவு வாக்கியத்தில் தெரியும். ‘ஹெல்ப்’ என்பதற்கு ஈடாக அசிஸ்ட், எய்ட், அபெட் என்று ஒரே வரிசையில் போடுகிறார்கள். அபெட் குற்றத்துக்குத் துணைபோவதைக் குறிக்கும் சொல்; இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனி அத்தியாயமே அதற்கு இருந்தது. பட்டியலை நம்பி ஒரு நர்ஸ், தான் டாக்டரை ‘அபெட்’ செய்ததாக எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தவர்மீதுதான் அந்தப் பிழை சேரும். தெரியாத சொல்லை அகராதியில் தேடிக் கொள்ளலாம். தெரியும் என்று நம்பித் தவறாக எழுதுபவருக்கு, தேட வேண்டும் என்ற எண்ணமே வராது.

ஐஇஎல்டிஎஸ் அரிய சொல்லுக்கு மதிப்பெண் தருகிறதே என்பார்கள். எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்குக் கால் பங்கு உண்டு, சரி. ஆனால் ஏழாம் நிலைக்கான விளக்கத்தில் அரிய சொல்லோடு நடையும் சொற்சேர்க்கையும் தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பயிற்சி மையங்களின் விளம்பரத்தில் முன்பாதி மட்டும் வருகிறது. ஓஇடியில் நர்ஸ் எழுதுவது பெரும்பாலும் ஒரு நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் கடிதம். அங்கே சுருக்கத்துக்கும் தெளிவுக்கும் தனி மதிப்பெண் உண்டு. ஆடம்பரச் சொல் அந்தக் கடிதத்தைக் கெடுக்கும்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசகங்களில் அரிய சொற்கள் நெருக்குவதைப் பார்த்து, எளிய சொற்களில் கதைகளைத் திருப்பி எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் இருப்பவை ஏறக்குறைய 2000. சொல்லுக்கு எத்தனை பொருள், ஒவ்வொன்றும் எவ்வளவு புழங்குகிறது என்பதைக்கூட அவர் குறித்து வைத்தார். அந்த உழைப்பின் நிழல்கூட நம் ஜெராக்ஸ் தாள்களில் இல்லை. இவற்றை விற்பவர்கள் பிள்ளைகளின் பயத்தை விற்கிறார்கள்.

பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழகப் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளின் தொடக்கமே ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும்தான். கோடிட்ட சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் கைடுகள் வாக்கியத்தை உரித்துவிட்டுச் சொல்லை மட்டும் அட்டவணையில் போடுகின்றன, பிள்ளையும் அதையே படிக்கிறது. அந்த வினாக்களுக்கான மதிப்பெண்ணில் பாதியையாவது, அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவதற்கு மாற்றலாம். திருத்துவதற்கு நேரம் கூடுதலாகும். அந்த நேரத்தை ஆசிரியர்களுக்குக் கல்வித்துறை கொடுக்க வேண்டும்.