'ஜெய் பீம்': முதல் காட்சி கேட்ட கேள்வி

2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்' படத்தைப் பற்றி நிறைய எழுதியாச்சு. காலண்டர் சர்ச்சை வரைக்கும் பேசியாச்சு. குற்றவியல் பக்கமிருந்து ஒரு விமர்சனம் மட்டும் இங்கே.

படத்தின் மிகச் சிறந்த பகுதி முதல் காட்சிதான். விடுதலையாகி வெளியே வருபவர்களை ஜெயில் வாசலிலேயே நிறுத்தி என்ன சாதி என்று கேட்கிறார்கள். சிலர் வீட்டுக்குப் போகலாம். இருளர், குறவர் என்று சொன்னவர்கள் தனியே நிற்க வேண்டும். பல ஸ்டேஷன்களிலிருந்து வந்த போலீசார், முடியாத கேஸ்களுக்காக அவர்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

குற்றவியலில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. குற்றம் என்பது ஒரு செயல். குற்றவாளி என்பது ஒரு ஆள்மேல் மற்றவர்கள் ஒட்டும் பெயர். 1938-ல் ஃபிராங்க் டானன்பாமும், 1963-ல் ஹோவர்ட் பெக்கரும் இதைத்தான் விரித்து எழுதினார்கள். எங்க ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போட்ட பிறகுதான் தறியில் ஏற்றுவாங்க. நெய்வதற்கு முன்பே நிறம் முடிவாகிவிடும். முத்திரையும் அப்படித்தான், செயலுக்கு முன்பே வந்துவிடுகிறது.

இங்கே அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. 1947-ல் சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த வருஷமே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதிப் பட்டியல் சட்டப் புத்தகத்திலிருந்து போனது. ஸ்டேஷன் பழக்கத்திலிருந்து போகவில்லை என்பதைத்தான் முதல் காட்சி காட்டுகிறது.

இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்ட படம், பதிலை மட்டும் சின்னதாக்கிவிடுகிறது. கொடூரமான சப்-இன்ஸ்பெக்டர் குருமூர்த்தி ஒரு பக்கம், வக்கீல் சந்துரு மறுபக்கம். ஆட்கொணர்வு மனு ஜெயிக்கிறது, செங்கேணிக்கு நியாயம் கிடைக்கிறது. 1993-ல் நடந்த நிஜ வழக்கும் நீதிமன்றத்தில் வென்றதுதான். அந்த வெற்றி பொய்யில்லை. ஆனால் ஜெயில் வாசலில் ஆள் பிரித்தவர்கள் யாருமே குருமூர்த்தி மாதிரி கத்தவில்லையே! அன்றாட ஆபீஸ் வேலை மாதிரி அமைதியாகச் செய்தார்கள். அந்த வேலையைப் படம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாஃப்ட்வேர்காரனாக எனக்குப் படுவது இது. எஃப்ஐஆர் எண்ணிக்கை குற்றத்தை மட்டும் அளப்பதில்லை, போலீஸ் எங்கே பார்த்தது என்பதையும் அளக்கிறது. சந்தேகப்பட்டுப் பிடித்தால் பதிவு உருவாகும். அந்தப் பதிவு அடுத்த சந்தேகத்துக்கு ஆதாரமாகும். நாளைக்கு இதே டேட்டாவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, யார் திருடுவான் என்று கேட்டால், அதுவும் ஜெயில் வாசலில் நின்று சாதிதான் கேட்கும்.

2024 அக்டோபர் 3-ல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியையே நீக்கச் சொன்னது. படம் வந்து கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து! ஒரு குருமூர்த்தியைத் தண்டிக்க ஒரு வழக்கு போதும். அந்தப் பத்தியை எடுக்க இன்னொரு வழக்கு வேண்டியிருந்தது. 'ஜெய் பீம்' மறுபடி பார்ப்பவர்கள், கடைசிக் காட்சிக்குக் கைதட்டிய பிறகு முதல் காட்சியை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.