வாரும் போல்ட்டும்

முன்பு தவிலை இறுக்கியது தோல்வார். இன்று பெரும்பாலும் இரும்பு வளையமும் போல்ட்டும். இரும்பு நாதத்தைக் கெடுக்கிறது, தோளுக்கும் பாரம் என்கிறார்கள். பாரம் உண்மைதான். ஆனால் தவிலை வீட்டுக்கூடத்தில் தட்டிப் பார்த்தா தேர்வது? மார்கழிப் பனியில், சுவாமி புறப்பாட்டின் நடுவே, வலந்தலை எனும் வலமுகத்தின் தோல் தளரும். வாரை இழுத்துக் கட்ட நேரமேது? ஸ்பேனரால் இரண்டு திருகு திருகினால் நாகஸ்வரக்காரர் காத்திருக்க வேண்டாம். நாதமோ, வலந்தலையில் தோலின் விறைப்பையும் விரல்களில் மாட்டிய கூட்டையும், தொப்பி எனும் இடமுகத்தில் கழி விழும் அழுத்தத்தையும் பொறுத்தது. இதில் இரும்பின் பங்கு கொஞ்சம்தான். அளவுக்கு மீறி முறுக்கிக் காதைத் துளைப்பது (கல்யாண மண்டபங்களில் இது அதிகம்) முறுக்கியவர் குற்றம். வாங்குபவர் வளையத்தை விட்டுக் கட்டையைப் பார்க்கட்டும்: ஒரே பலாத்துண்டில் குடைந்ததா, வெடிப்பு உண்டா என்று.